பசுமை வணிகத்தில் இளநிலை ஆய்வு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: "நிறுவனங்களும் நிலைத்த வளர்ச்சியும்" என்று தலைப்பு வைத்தேன். வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தவறு?

பதில்: அவர் செய்தது சரிதான். அது ஒரு துறையின் பெயர், ஆய்வுக்கான கேள்வி இல்லை. ஒரே தொழில், ஒரே விஷயம், சில ஆண்டுகள் என்று சுருக்குங்கள். ஐந்து சிமென்ட் நிறுவனங்கள் தங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை அறிக்கையில் எண்ணாகச் சொல்கின்றனவா, அல்லது "அக்கறையோடு செயல்படுகிறோம்" என்று எழுதி நகர்ந்துவிடுகின்றனவா? இதை ஒரு பருவத்துக்குள் முடிக்கலாம்.

கேள்வி: 200 பேரிடம் கருத்துக் கேட்டேன். பசுமைப் பொருளுக்குக் கூடுதல் விலை தருவோம் என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். நல்ல முடிவுதானே?

பதில்: நானும் மாணவனாக இருந்தபோது இதையேதான் கேட்டேன். காகிதத்தில் எல்லோரும் நல்லவர்கள்! நல்லவராகத் தெரியவேண்டும் என்ற ஆசை பதிலில் கலந்துவிடும். கடையில் கை வேறு பொருளை எடுக்கும். முடிந்தால் செய்வதை அளந்து பாருங்கள். கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், விடுதி அறைகளில் வெவ்வேறு அட்டைகளை வைத்து, எத்தனை பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள் என்று எண்ணினார்கள். சூழலைக் காக்கச் சொன்ன அட்டைக்குச் சுமார் 35% பேர் இசைந்தார்கள். "பெரும்பாலான விருந்தினர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்" என்ற அட்டைக்குச் சுமார் 44%. யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், பசுமைப் பூச்சை, அதாவது சூழல் அக்கறை இருப்பதுபோல் நிறுவனங்கள் போடும் வேடத்தைக் குறிக்கும் 'கிரீன்வாஷிங்' என்ற சொல்லை 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் பயன்படுத்தியதும் இதே விடுதித் துண்டு அட்டைகளைக் கிண்டல் செய்யத்தான்.

கேள்வி: எந்த நிறுவனமும் தரவு தர மாட்டேன் என்கிறது.

பதில்: கேட்டு அலையாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் நிலைத்தன்மை அறிக்கையை இணையத்திலேயே வைத்திருக்கின்றன, பெரும்பாலும் ஜி.ஆர்.ஐ. தரநிலைகளை (இத்தகைய அறிக்கைகளை எழுதுவதற்கான உலகளாவிய வழிமுறைகளை) ஒட்டி எழுதுவதால் ஒப்பிடுவதும் எளிது. ஒரு தகவலை அறிக்கை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதற்கு மதிப்பெண் போடலாம்; எதற்கு 0, எதற்கு 1, எதற்கு 2 என்று விதியை முதலில் எழுதிவிடுங்கள். அப்புறம் நண்பர் ஒருவரையும் தனியாக மதிப்பெண் போடச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: அறிக்கையில் இருப்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வது. அதிக மதிப்பெண் வாங்கிய நிறுவனம் அதிகம் வெளிப்படுத்துகிறது, அவ்வளவுதான். அது குறைவாக மாசுபடுத்துகிறது என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: ஸ்கோப் 3 உமிழ்வை நானே கணக்கிடலாமா?

பதில்: முழுதாக வேண்டாம். ஒரு நிறுவனத்தால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: சொந்த எரிபொருளால் வருவது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரத்தால் வருவது ஸ்கோப் 2. மூலப்பொருள் முதல் விற்ற பொருளின் கழிவு வரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3. அதில் 15 வகைகள். ஊழியர் பயணம் போல ஒரு வகையை மட்டும் எடுங்கள்.

கேள்வி: பி-மதிப்பு 0.05ஐத் தாண்டிவிட்டது. ஆய்வு தோல்வியா?

பதில்: இல்லை. உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன முடிவு தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு; 0.05க்குக் கீழே வந்தால் முடிவைப் பொருட்படுத்துவது வழக்கம், அவ்வளவுதான். வந்ததை அப்படியே எழுதுங்கள். 0.05க்குக் கீழே வரும்வரை மாறிகளை (கணக்கில் சேர்க்கும் காரணிகளை) கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால்தான் தவறு.