அலுவலகத்துக்கு அருகிலா, நண்பர்களுக்கு அருகிலா?

அலுவலகத்திலிருந்து 10 நிமிடத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, நண்பர்கள் இருக்கும் நகர மையத்தில் இன்னொன்று, அங்கிருந்து வேலைக்கு 45 நிமிடம் என்கிறீர்கள். வாரம் மூன்று நாள்தான் அலுவலகம் என்பதால் நான் மையத்தையே எடுப்பேன். போக வர வாரத்துக்கு நாலரை மணி நேரம். ஒரே ரயிலில் போய்விடலாம் என்றால் அது பெரிய பாரமில்லை. இடையில் வண்டி மாற வேண்டுமென்றால் கதை வேறு. முன்பணம் கொடுக்குமுன் ஒரு திங்கட்கிழமை காலை நெரிசலில் வாசலிலிருந்து அலுவலக மேசைவரை போய்ப் பாருங்கள். விளம்பரம் சொல்லும் 'ஐந்து நிமிட நடை', லிஃப்டுக்குக் காத்திருப்பதைச் சேர்ப்பதில்லை! வெள்ளி இரவும் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். உணவகங்களுக்கு நேர் மேலே படுக்கையறை என்றால் தூக்கம் போயிற்று. இரண்டு தெரு தள்ளித் தேடுங்கள். வேலை மாறும் எண்ணம் இருந்தால் அலுவலகத்தை நம்பி வீடு வாங்கவே வேண்டாம்.