கறுப்பு மரணக் காலத்து வெள்ளிக் காசுகளைச் சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

இங்கிலாந்துப் பென்னியில் தொடங்குங்கள். நானும் அதில்தான் தொடங்கினேன், முதல் காசிலேயே ஏமாந்தேன்.

கறுப்பு மரணம் என்ற அந்தக் கொள்ளைநோய் இங்கிலாந்தில் கரையேறியது 1348இல். அப்போது மன்னர் மூன்றாம் எட்வர்ட். 'கொள்ளைநோய்ப் பென்னி, மூன்றாம் எட்வர்ட்' என்று ஒரு வியாபாரி அட்டையில் எழுதி வைத்திருந்ததை நம்பி, கூடுதல் விலை கொடுத்து வாங்கிவந்து வீட்டில் நகைத் தராசில் போட்டால் 1.38 கிராம்! 1344லிருந்தே பென்னியின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்து 1351இல் சுமார் 1.17 கிராமில் நிறுத்தியிருக்கிறார்கள். தேய்ந்த காசு எடை கூடுமா என்ன? விசாரித்தால், அது இவருடைய தாத்தா முதலாம் எட்வர்ட் காலத்துக் காசு.

இந்தக் குழப்பம் சகஜம்தான். தாத்தா, அப்பா, பேரன் மூவருமே எட்வர்ட், காசில் எத்தனையாவது எட்வர்ட் என்றும் இருக்காது, வருடமும் இருக்காது. முன்பக்கம் கிரீடம் வைத்த முகம், பின்பக்கம் விளிம்புவரை நீளும் சிலுவை, அதன் நான்கு மூலைகளிலும் மும்மூன்று புள்ளிகள். கிரீடம், எழுத்துகளின் வடிவம், எடை இவற்றை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

ஆனால் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1279 முதல் தாத்தா அடித்துக் குவித்த காசுகள்தான் 1348இலும் ஜனங்களின் கையில் நிறையப் புழங்கின. ஏராளமாகக் கிடைப்பதால் விலையும் குறைவு. ஆக, கொள்ளைநோய் என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், தாத்தா காசையே வாங்குங்கள்.

அப்புறம் 1351க்குப் பிந்தைய பென்னி ஒன்று. பாதி ஊர் செத்துப்போய் வேலைக்கு ஆள் கிடைக்காமல், மிஞ்சியவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டதும், அரசு அதே 1351இல் ஒரு சட்டம் போட்டது: வைக்கோலுக்குப் புல் உலர்த்தும் வேலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பென்னிக்கு மேல் தரக்கூடாது. அந்த ஒரு நாள் கூலி உள்ளங்கையில் இருந்தால் கனமே தெரியாது.

வாங்கும்போது சுற்றியுள்ள எழுத்துகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி காணவில்லை என்றால் வெள்ளிக்காக யாரோ விளிம்பை வெட்டியிருப்பார்கள். கறுத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பல்பொடி போட்டுத் தேய்த்து மன்னரின் மூக்கை மழுங்கடித்தவன் சொல்கிறேன்.