31,500 ரூபாய்க்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு: வாங்கலாமா, பொறுக்கலாமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: என் கணினியில் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) ஆகியவை உள்ளன. மானிட்டர் 24 அங்குலம், 1080பி, 75 ஹெர்ட்ஸ். வார நாள்களில் வேலரண்ட் விளையாடுகிறேன். விடுமுறை நாள்களில் சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேம்கள். பெரிய கேம்களில் மீடியம் செட்டிங்ஸிலேயே விநாடிக்கு 45 ஃபிரேம்தான் (திரையில் மாறும் படங்கள்) கிடைக்கிறது; அவ்வப்போது திக்கித் திக்கி நிற்கவும் செய்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி கார்டுக்கு 31,500 ரூபாயும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டுக்கு 38,000 ரூபாயும் கடையில் கேட்கிறார்கள். பழைய கார்டை 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். இந்த விலை கொடுத்து மாற்றுவது தகுமா?

பதில்: மாற்றலாம். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட 8 ஜிபி கார்டை உங்கள் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், எந்தக் கார்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பு, செலவில்லாமல் அரை மணி நேரத்தில் வீட்டிலேயே செய்துவிடக்கூடிய சோதனை ஒன்றை முதலில் செய்துவிடுங்கள்.

கேமின் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. யார் எங்கே நிற்கிறார்கள், எது எதன்மீது மோதுகிறது, இந்தக் கணத்தில் திரையில் எவற்றை வரைய வேண்டும் என்பவற்றையெல்லாம் பிராசசர் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அவற்றைப் படமாக வரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டின் வேலை. இரண்டில் எது தாமதிக்கிறதோ அதன் வேகமே கணினியின் வேகம். பிராசசர் தாமதிக்கும் கணினியில் எத்தனை விலையுயர்ந்த கார்டைப் பொருத்தினாலும் அது வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்கும்.

சைபர்பங்கில் உங்களுக்கு மிகவும் திணறும் ஒரு தெருவுக்குப் போய் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் மாற்றாமல் ரெசல்யூஷனை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்து, அதே இடத்தில் மறுபடியும் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைந்துவிடும். பிராசசரின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். 45 என்பது 70ஐத் தாண்டினால் தடையாக இருப்பது கார்டுதான், அதை மாற்றுவதில் பொருள் உண்டு. 50ஐ ஒட்டியே நின்றுவிட்டால் தடை பிராசசரில் இருக்கிறது. அப்போது 31,500 ரூபாய் செலவழித்தாலும் அந்தத் தெருவில் அதே 50தான் கிடைக்கும். 720பியில் வரும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள பிராசசரை வைத்துக்கொண்டு புதிய கார்டால் 1080பியில் ஏறத்தாழ எதுவரை போக முடியும் என்பதை அந்த எண்ணே காட்டிவிடும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பயன்பாட்டையும் பாருங்கள். 1080பியில் அது 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் முடிவு உறுதியாகிறது.

இதோடு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 16 ஜிபி ரேம் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக இருக்கிறதா, ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஸ்டிக் என்றால் ரேமிலிருந்து தரவு வரும் வேகம் பாதியாகிவிடும். ரைசன் பிராசசர்களில் திக்கித் திக்கி நிற்பதற்கு இது அடிக்கடி காணப்படும் காரணம்.

சோதனையில் கார்டுதான் தடை என்று தெரியவந்தாலும், நீங்கள் எந்த கேமில் அதிக நேரம் செலவிடுகிறீர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலரண்டில் உங்கள் 1660 சூப்பரே 1080பியில் 144 ஃபிரேமுக்கு மேல் எளிதாகத் தருகிறது. உங்கள் மானிட்டரோ விநாடிக்கு 75 படங்களைத்தான் காட்டும். அதாவது, இருக்கும் கார்டு உழைப்பதில் பாதியை நீங்கள் இப்போதே கண்ணால் பார்ப்பதில்லை. வார நாள்களின் விளையாட்டுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், ஏறத்தாழ 10,000 ரூபாயில் ஒரு 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது, மூன்று மடங்கு விலையுள்ள கார்டைவிடக் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும். இதை எந்தக் கடைக்காரரும் தாமாகச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பெரிய கேம்களுக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்று இனி வைத்துக்கொள்வோம். 2019 அக்டோபரில் வெளிவந்த 1660 சூப்பரோடு ஒப்பிட்டால், 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமுடையது. அடுத்த மாதமே வந்த 9060 எக்ஸ்டி அதைவிடச் சற்றுக் கூடுதல். வேகத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங்குக்கான தனிச் சுற்றுகள் உங்கள் கார்டில் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அந்த வசதி இல்லாத கார்டுகளை ஏற்பதில்லை, செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. இத்தகைய கேம்கள் பெருகும்போது உங்கள் கார்டு வேகக் குறைவால் அல்லாமல், தகுதி இல்லாததால் ஒதுக்கப்படும். இதை நான் மாற்றுவதற்கான வலுவான நியாயமாகக் கருதுகிறேன்.

அப்படியானால் 8 ஜிபி கார்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் சொல்லும் அந்தத் திக்கல், பெரும்பாலும் கார்டின் மெமரி நிரம்பி வழிவதால் வருவது. கேமின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கார்டிலுள்ள மெமரியில் அடங்காதபோது மிஞ்சியவை கணினியின் ரேமில் வைக்கப்பட்டு, தேவைப்படும் ஒவ்வொரு முறையும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு வர வேண்டியிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 தன் சொந்த மெமரியிலிருந்து விநாடிக்கு 448 ஜிபி வரை எடுக்கக்கூடியது. ஆனால் அந்தக் கார்டு ஸ்லாட்டின் 16 தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்தும் வகையில் வடிவமைக்கப்பட்டது. ஐந்தாம் தலைமுறை ஸ்லாட் உள்ள புதிய மதர்போர்டில் எட்டுத் தடங்களே தாராளம். உங்கள் பி450 தருவதோ மூன்றாம் தலைமுறை இணைப்பு. அதில் எட்டுத் தடங்கள் என்றால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபிதான். 448 எங்கே, 8 எங்கே! மெமரி நிரம்பாதவரை இந்த வேறுபாட்டை நீங்கள் உணரவே மாட்டீர்கள். நிரம்பிய கணத்தில் இப்போது படும் அதே திக்கல் புதிய கார்டிலும் திரும்ப வந்துவிடும். 1080பியிலேயே ஹை டெக்ஸ்சரும் ரே டிரேசிங்கும் சேர்ந்தால் 8 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இன்று பல இருக்கின்றன.

9060 எக்ஸ்டி 16 தடங்களையும் பயன்படுத்துவதால், உங்கள் மதர்போர்டிலேயே அதற்கு இரண்டு மடங்கு வழி கிடைக்கிறது. 16 ஜிபி மெமரி இருப்பதால் அந்த வழியை நாட வேண்டிய நிலையே அரிதாகத்தான் வரும். ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் விற்கிறது. பெட்டியின் மேல் 16 ஜிபி என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

விலையைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 5060இன் அறிவிப்பு விலை வரி நீங்கலாக 299 டாலர், 16 ஜிபி 9060 எக்ஸ்டியின் விலை 349 டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்து 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் முறையே சுமார் 31,000 ரூபாயும் 36,200 ரூபாயும் வருகின்றன. உங்களிடம் கேட்ட 31,500 நியாயமான விலை. 38,000இல் ஆயிரம் ரூபாயாவது குறைக்கச் சொல்லிக் கேட்க இடமிருக்கிறது. குறைக்காவிட்டாலும் கணக்கு கெடாது. பழைய கார்டுக்கான 6,000 ரூபாயைக் கழித்தால் உங்கள் கைச்செலவு 25,500 அல்லது 32,000. 8 ஜிபி கார்டை நான்கு ஆண்டுகளும் 16 ஜிபி கார்டை ஐந்து ஆண்டுகளும் பயன்படுத்துவதாகக் கொண்டால், இரண்டுமே ஆண்டுக்குச் சுமார் 6,400 ரூபாய்தான். மெமரி குறைவான கார்டு முதலில் மூப்படையும் என்பதால் அந்த ஓராண்டு வேறுபாட்டை மிகையாக நான் கருதவில்லை.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கக்கூடும். முன்பெல்லாம் அது நல்ல யோசனையாக இருந்தது. ஆனால் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் 2025 இறுதியில் மெமரி சிப்புகளின் விலை கடுமையாக ஏறியது. கூடுதல் மெமரி உள்ள கார்டுகளுக்குத்தான் அந்த ஏற்றத்தின் பாரம் அதிகம். ஆகவே காத்திருப்பதால் மட்டும் விலை குறையும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

விளம்பரங்களில் வரும் ஃபிரேம் எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த கண்காட்சியில், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070 அதற்கு முந்தைய தலைமுறையின் உச்சமான 4090இன் திறனைத் தரும் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தார். 4090இல் 16,384 கணக்கீட்டு அலகுகள் உள்ளன, 5070இல் 6,144. இந்த இடைவெளியை நிரப்புவது, உண்மையாக வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் மூன்று ஃபிரேம்கள் வரை ஊகித்துச் செருகும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன். படம் வழுவழுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மவுஸை அசைத்ததற்குக் கேம் பதில் தரும் வேகம் உண்மையான ஃபிரேம்களைப் பொறுத்தே அமையும். உங்கள் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நான்கு மடங்கு நிலையை வைத்தால், திரையில் காணும் 75இல் உண்மையானவை சுமார் 19 மட்டுமே. உங்களுக்கு அந்த வசதியால் பயனில்லை. அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் வேறு. அது உண்மையான வேகத்தையே கூட்டுவது. அதை ஏற்கும் கேம்களின் எண்ணிக்கையில் என்விடியா முந்தியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தாலும் என்விடியாதான் பொருத்தம். ஆனால் அப்போதும் 5060 டிஐ 16 ஜிபி கார்டைத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் குறித்துப் பயப்பட அதிகமில்லை. 1660 சூப்பர் 125 வாட் எடுக்கிறது. 16 ஜிபி 9060 எக்ஸ்டி 160 வாட். நல்ல நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இந்த 35 வாட்டைத் தாங்கும். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த பெயர் தெரியாத சாதனம் என்றால், ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸுக்காக மேலும் 4,000 ரூபாயை ஒதுக்கிவிடுங்கள். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக 38,000 ரூபாய் பொருளைப் பணயம் வைக்கக் கூடாது.

குறைந்த விலையில் 12 ஜிபி தரும் இன்டெல் ஆர்க் பி580 உங்கள் கண்ணில் படக்கூடும். பழைய பிராசசர்களோடு சேரும்போது அதன் வேகம் கணிசமாகக் குறைகிறது. ரைசன் 3600க்கு அதை வாங்க வேண்டாம். பழைய சந்தையில் கிடைக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நம்பகமான கார்டுதான் என்றாலும், உங்களுக்குக் கிடைக்கும் வேக உயர்வு ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. பாதி விலைக்குக் குறைவாகவும், விற்பவர் உங்கள் எதிரிலேயே இருபது நிமிடம் கேம் ஓட்டிக் காட்டியும் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

முதல் சோதனையில் பிராசசர்தான் தடை என்று வந்திருந்தால், மதர்போர்டை மாற்றாமல் அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் அப்டேட் செய்து ரைசன் 5 5600 பொருத்திக்கொண்டு, கார்டைப் பிறகு பாருங்கள். கார்டு வாங்கும் நாளில் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். கார்டின் சீரியல் எண்ணும் பெட்டியின் எண்ணும் பில்லில் எழுதியதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.