சீசன் பாஸ் வாங்கியும் பந்தயம் முழுதாக வரவில்லை: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

கேள்வி:

வக்கீல் சாருக்கு வணக்கம். கோவை கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். அப்பா சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். செட்டிப்பாளையம் காரி டிராக்கில் ரேஸ் என்றால் இன்றும் போய்விடுவேன். இந்த வருடம் ஒரு சர்வதேச கார் பந்தயத் தொடரைப் பார்க்க, ஒரு செயலியில் ரூ.1,499 கட்டி சீசன் பாஸ் எடுத்தேன். பணம் கட்டும் பக்கத்தில் ‘பயிற்சி, தகுதிச் சுற்று, பந்தயம் எல்லாமே நேரலை’ என்று போட்டிருந்தது. முதல் நான்கு பந்தயங்கள் சரியாக வந்தன. அப்புறம் மூன்று வாரம் தகுதிச் சுற்று வரவே இல்லை, மறுநாள் சுருக்கம் மட்டும் போட்டார்கள். ஒரு பந்தயத்தில் 44-வது சுற்றில் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது 51-வது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் சுற்றுவாரியாக யார் எந்த இடம் என்று நோட்டில் எழுதுவது என் பழக்கம். அந்தப் பக்கத்தில் ஏழு சுற்றுக்கு வெறும் கோடுதான் இருக்கிறது. முக்கியமான நேரத்தில் விளம்பரம் போடுகிறார்கள். பின்னால் சண்டை நடக்கும்போது, முன்னால் தனியாகப் போகும் காரையே காட்டுகிறார்கள். சாட்டில் புகார் செய்தால் 100 ரூபாய் கூப்பன் தருகிறார்கள். இப்போது, பாஸ் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று மெசேஜ் வந்திருக்கிறது. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? ரேஸ் பார்க்கவில்லை என்று கேஸ் போட்டால் சிரிக்க மாட்டார்களா? நண்பர் ஒருவர் இலவச லிங்க் தருகிறார், அதில் பார்க்கலாமா?

பதில்:

சிரிக்க மாட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ‘சேவை’ என்றால் என்ன என்று சொல்லும் 2(42) பிரிவில் வங்கி, காப்பீடு, மின்சாரம் இவற்றோடு பொழுதுபோக்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இணையம் வழியாகப் பணம் கட்டி வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று 2(7) சொல்கிறது. கடையில் வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்று போகிறவருக்கு இருக்கும் அதே உரிமை உங்களுக்கும் இருக்கிறது. நாளைக்கு இது வழக்காகலாம் என்பதால் செயலியின் பெயரையும் தொடரின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை அப்படியே மனுவாக்கினால் தோற்றுப்போவீர்கள். உங்கள் கோபம் முழுவதும் நியாயமானது, ஆனால் அதில் பாதிதான் சட்டத்துக்குள் வரும். பந்தயத்தை நன்றாகப் பார்க்கும் உரிமை என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. பணம் வாங்கும்போது சொன்னதைக் கொடு என்று கேட்கும் உரிமைதான் இருக்கிறது. அதனால் செயலிக்காரர்கள் என்ன சொல்லி உங்களிடம் 1,499 ரூபாய் வாங்கினார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப்போடப் போவது 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை. 2016-ல் வந்த ஒரு இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஒரு பாட்டைக் காட்டினார்கள், படத்தில் அந்தப் பாட்டு இல்லை. குடும்பத்தோடு போய் ஏமாந்த ஒரு ஆசிரியை வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் வரை அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது ஆவலைத் தூண்டும் விளம்பரம்தான், அது ஒப்பந்த வாக்குறுதி ஆகாது என்றது. கலை சார்ந்த சேவையில் அதைத் தருபவருக்கு ஓரளவு சுதந்திரம் இருக்கும் என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘அதிரடி! அனல் பறக்கும் சீசன்!’ என்று போஸ்டர் போட்டு, பந்தயம் சப்பென்று போயிருந்தால் அந்தத் தீர்ப்பு உங்கள் வழியை அடைத்திருக்கும். உங்கள் விஷயம் அப்படி இல்லை. பணம் கட்டும் பக்கத்திலேயே இன்னின்ன நிகழ்ச்சிகள் நேரலையாக வரும் என்று எழுதியிருந்தது. அதை ஆவலைத் தூண்டும் விளம்பரம் என்று சொல்ல முடியாது. விற்ற பொருள் எது என்று சொல்வதே அந்த வரிதான். மறுநாள் போட்ட சுருக்கம் நேரலை ஆகாது. ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்றுக்கொண்ட சேவையில் வரும் எந்தக் குறையும் ‘சேவைக் குறைபாடு’ என்கிறது 2(11). தெரிந்தே தகவலை மறைப்பதையும் அதே பிரிவு குறைபாடாகச் சேர்க்கிறது. அந்த மூன்று தகுதிச் சுற்றுகளும் தங்களிடம் இருக்காது என்று முன்பே தெரிந்துகொண்டு பாஸை விற்றிருந்தால், உங்கள் கை இன்னும் ஓங்கும். ‘ஏன் ஒளிபரப்பவில்லை, இது எப்போது முடிவானது?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தந்தாலும் தராவிட்டாலும் உங்களுக்கு நல்லதுதான்.

கேமரா விஷயத்தை மனுவில் சேர்க்காதீர்கள். இந்த மாதிரிப் பெரிய தொடர்களில் படம் பிடிப்பதும், எந்தக் கேமராவைக் காட்டுவது என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் தொடரை நடத்துபவர்களே. ஒரே ஒளிபரப்புதான் உலகம் முழுவதும் போகிறது. ஃபார்முலா ஒன்றில் பல காலம் மொனாக்கோ பந்தயம் மட்டும் விதிவிலக்காக இருந்தது, உள்ளூர் டிவிக்காரர்கள் எடுத்தார்கள். 2021-ல் அங்கே பிட்டிலிருந்து (டயர் மாற்றும் இடம்) வெளியே வந்த வெட்டல், காஸ்லி என்ற இரண்டு ஓட்டுநர்களும் மேட்டில் சக்கரத்தோடு சக்கரம் உரச ஏறிக்கொண்டிருந்தபோது, படம் சட்டென்று ஸ்ட்ரோல் என்ற இன்னொரு ஓட்டுநரின் ரீப்ளேவுக்குத் தாவியது. பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. 2023 முதல் ஃபார்முலா ஒன் நிர்வாகமே அந்த வேலையையும் எடுத்துக்கொண்டது. ரசிகர்களின் குரலும் அவர்களுக்குள்ளான ஒப்பந்தமும்தான் இதை மாற்ற முடியும். நீங்கள் வழக்குப் போட்டு மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றம் சொன்ன கலைச் சுதந்திரம் என்ற வாதம் இங்கே அவர்களுக்குத்தான் உதவும்.

விளம்பரத்துக்கு வருகிறேன். கேபிள் டிவி சேனல்களுக்கு 1994-ம் ஆண்டு விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது: மணிக்கு 12 நிமிடம், அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். செயலிகளுக்கு அந்த விதி கிடையாது. அந்த 12 நிமிடத்தை எப்போது போடக்கூடாது என்று டிவிக்கும் அந்த விதி சொல்லவில்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் இடைவெளி வருகிறது. கார் பந்தயத்தில் கொடி விழுந்தால் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. எங்கே வெட்டினாலும் ஏதோ ஒன்று போய்விடும். அமெரிக்காவில் இண்டிகார் பந்தயங்களில் திரையைப் பிரித்து ஒரு பக்கம் விளம்பரமும் மறுபக்கம் பந்தயமும் காட்டுகிறார்கள். இங்கேயும் அதைச் செய்யச் சொல்லி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ரசிகர்கள் எழுத வேண்டும். உங்கள் வழக்கைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: பாஸ் விற்கும்போது ‘விளம்பரம் இல்லாமல்’ என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 2025-ல் பெங்களூரில் ஒருவர், படம் தொடங்குமுன் 25 நிமிடம் விளம்பரம் போட்டார்கள் என்று ஒரு மல்டிபிளெக்ஸ் மீது வழக்குப் போட்டு நுகர்வோர் ஆணையத்தில் ஜெயித்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்துவிட்டது. அந்தப் பாதை இப்போதைக்கு வழுக்கும்.

44-வது சுற்றில் படம் நின்றதற்கு அவர்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும்: ‘உங்கள் நெட் ஸ்லோ.’ அன்றைக்கு அதே நேரத்தில் மற்றவர்களுக்கும் நின்றதா என்று பாருங்கள். உங்கள் ரேஸ் நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் அந்த நிமிடத்தில் ‘டேய், உனக்கும் போச்சா?’ என்று கேட்டுக்கொண்ட மெசேஜ்கள் இருந்தால் அவை தங்கம். வேறு நெட் இணைப்பில் இருக்கும் இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அந்தப் பதில் நிற்காது.

பந்தயம் பெயருக்கு மட்டும் நடந்தால்? அது உங்கள் பிரச்சினை இல்லை, ஆனாலும் கோவைக்காரர் என்பதால் சொல்கிறேன். 2005-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், டயர் பிரச்சினையால் 14 கார்கள் ஃபார்மேஷன் சுற்றோடு (பந்தயம் தொடங்குமுன் ஓடும் சுற்று) பிட்டுக்குள் போய்விட்டன, 6 கார்கள்தான் ஓடின. நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தது அந்தப் பந்தயத்தில்தான். டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். பந்தயம் என்று ஒன்று விதிப்படி நடந்துவிட்டது, இத்தனை கார் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்று 2007-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கே அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை. ஆனால் கொடுத்த வாக்குக்கும் நம் எதிர்பார்ப்புக்கும் நடுவே நான் மேலே போட்ட கோடு அங்கேயும் அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

செயலியின் விதிமுறைகளில் ‘எந்த நிகழ்ச்சியையும் முன்னறிவிப்பின்றி மாற்றுவோம்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியே நியாயமற்ற ஒப்பந்தம், அதைச் செல்லாது என்று அறிவியுங்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்தில் கேட்டால் அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள், சென்னைக்கு அலைய வேண்டி வரும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நில்லுங்கள். தகராறு வந்தால் மும்பையில் மத்தியஸ்தம் (ஆர்பிட்ரேஷன்) என்று ஒரு வரி இருந்தால் அதையும் பொருட்படுத்த வேண்டாம். மத்தியஸ்த ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது என்பது 2018-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கோயம்புத்தூர் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது: சாட்டில் பேசுவதை நிறுத்துங்கள். செயலியில் ‘குறைதீர் அலுவலர்’ என்று ஒருவர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், அவருக்கு எழுதுங்கள். மின்வணிக விதிகள் 2020-ன்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சின்னத் தொகை என்றால் நிறுவனங்கள் பல நேரம் இந்த இடத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். அந்த 100 ரூபாய் கூப்பனை மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். ‘சமாதானம் ஆகிவிட்டது’ என்று காட்ட அதுவே அவர்களுக்குப் போதும்.

அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பாஸ் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, செலவு என்று கேளுங்கள். லட்சத்தில் கேட்டால் உங்கள் நல்ல வழக்கு பேராசை மாதிரி தெரியும். குழுவில் இதே பாஸ் வாங்கிய நண்பர்கள் இருந்தால் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். ஒருவரின் 1,499 ரூபாயை அலட்சியமாகப் பார்க்கும் நிறுவனம் இருபது பேர் கையெழுத்தை அப்படிப் பார்க்காது.

தானாகப் புதுப்பிக்கும் மெசேஜை இன்றே கவனியுங்கள். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும், ரத்து செய்யவும் வழி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே நிறுத்தலாம். ரத்து செய்யும் பொத்தானை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தால் ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து வையுங்கள். 2023-ல் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் சந்தா பொறியும் ஒன்று.

இலவச லிங்க் வேண்டாம். ஒளிபரப்பின் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ஒன்று, அதைத் திருடிப் பரப்புவது குற்றம். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் ‘அந்த தகுதிச் சுற்றை வேறு எங்காவது பார்த்தீர்களா?’ என்று கேட்டால் நீங்கள் தயங்காமல் ‘இல்லை’ என்று சொல்ல முடிய வேண்டும்.

பணம் கட்டும் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் உங்களிடம் இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால், பணம் கட்டியதும் வந்த மின்னஞ்சலையும் சமூக ஊடகத்தில் அவர்கள் போட்ட விளம்பரத்தையும் இன்று இரவே சேமித்துவிடுங்கள். சீசன் முடிந்தால் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். மின்னணு ஆவணங்களோடு பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுப்படி சான்றிதழ் ஒன்றும் வைக்க வேண்டும். படிவம் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் அந்த நோட்டு. ஆணையத்தில் கொடுக்கப்போகிறோமே என்று வேறு நோட்டில் அழகாகத் திருப்பி எழுதிவிடாதீர்கள். பட்டறைக் கிரீஸ் கறை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். 43-வது சுற்று வரை இடங்கள், அப்புறம் ஏழு கோடு, பிறகு 51: அந்தப் பக்கத்தையும், ஒன்றும் விடுபடாத முந்தைய நான்கு பந்தயங்களின் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வையுங்கள். மூல நோட்டு உங்களிடமே இருக்கட்டும், கேட்கும் நாளில் கொண்டுபோனால் போதும்.