முதல் ரேங்க் பையன், கடைசி இடத்து அணி: ஜோ பரோ பற்றிய கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும், பாதிப் பேர் ஒரே ஆளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சரி, இன்றைக்கு முழுக்க சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோதான். பல வருஷமாக ஞாயிறு ராத்திரித் தூக்கத்தை இந்த ஆட்டத்துக்குத் தாரைவார்த்தவன் என்பது மட்டுமே என் தகுதி.

கேள்வி: அண்ணா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். குவார்ட்டர்பேக் என்பவருக்கு என்ன வேலை?

பதில்: அணியின் கையில் பந்து இருக்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவரிடம்தான் வரும். நடுவில் குனிந்து நிற்பவர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தள்ளுவார். அதை வாங்கி, மூன்று விநாடிக்குள் யாருக்கு வீசலாம் என்று முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணியில் நாலைந்து மலைகள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வரும். வருகிறவர்களை மறிக்க முன்னால் ஐந்து பேர் கொண்ட தடுப்பு வரிசை உண்டு. அதையும் மீறி, பந்தை வீசுவதற்குள் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சேக். தடுப்பு வரிசை, சேக் இரண்டையும் மறந்துவிடாதீர்கள். பரோ கதையில் அடிக்கடி வரும்.

கேள்வி: ஒஹையோ பையன் லூசியானாவுக்கு ஏன் போனார்? சொந்த மாநிலக் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லையா?

பதில்: சேர்த்துக்கொண்டது, ஆட விடவில்லை. ஒஹையோவின் ஏதன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அப்பா அங்குள்ள ஒஹையோ பல்கலைக்கழக அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தவர். பையன் 2015-இல் ஒஹையோ ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் வருஷம் களமிறங்கவே இல்லை. அடுத்த இரண்டு வருஷம் முதன்மை குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட்டுக்கு மாற்றாள். 2017-இல் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் டுவேன் ஹாஸ்கின்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக் முந்திக்கொண்டார்.

இங்கேதான் படிப்பு கைகொடுத்தது. அன்றைய விதிப்படி கல்லூரி மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. பரோ மூன்றே வருஷத்தில் பட்டத்தை முடித்து, 2018-இல் லூசியானா ஸ்டேட்டுக்குப் போய் உடனே ஆட ஆரம்பித்தார். அந்த முதல் வருஷம் சுமார்தான், 16 டச்டவுன் வீச்சு (டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது). அவர் பெரிய ஆளாக வருவார் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

கேள்வி: அப்படிப்பட்டவருக்கு 2019-இல் என்னதான் ஆயிற்று?

பதில்: 60 டச்டவுன் வீச்சு, வீச்சால் அணி முன்னேறிய தூரம் 5,671 யார்டு, 15 ஆட்டத்தில் 15 வெற்றி. நூற்றுக்கு 76 வீச்சு சரியாகப் போய்ச் சேர்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து, மைதானத்தின் முழு அகலத்துக்கும் ஆட்களைப் பரப்பி வீசும் முறையைக் கொண்டுவந்தார். பந்தைப் பிடிக்க ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் இருவரும் இருந்தார்கள். கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான சுற்றில், ஓக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதியில் இடைவேளைக்குள்ளேயே ஏழு டச்டவுன் வீசிவிட்டார். இறுதி ஆட்டத்தில் கிளெம்சன் கல்லூரியை 42-25 என்று வென்றார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு காட்சி. உள்ளூரில் ஆடிய கடைசி ஆட்டத்துக்கு, முதுகில் தன் பெயரின் எழுத்துகளை லூசியானா பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் பாணிக்கு மாற்றி அச்சடித்த சட்டையோடு வந்தார். உச்சரிப்பு அதேதான், எழுத்துதான் வேறு. வந்து இரண்டே வருஷமான வெளியூர்க்காரர்! அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

கேள்வி: ஹைஸ்மன் விருது மேடையில் அழுதாராமே?

பதில்: ஆமாம். கல்லூரி ஆட்டத்தின் மிகப்பெரிய விருது அது. ஏதன்ஸ் வட்டாரம் வறுமை மிகுந்தது. பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத பிள்ளைகளுக்காகவும்தான் இங்கே நிற்கிறேன் என்றார். அதைக் கேட்டு ஊர்க்காரர் ஒருவர் நிதி திரட்ட ஆரம்பிக்க, அந்தப் பகுதி உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

கேள்வி: இவ்வளவும் செய்ததற்குக் கல்லூரியில் சம்பளம் உண்டா?

பதில்: கிடையாது. உதவித்தொகை மட்டும். மாணவ ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில்தான் வந்தது. பரோ அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

கேள்வி: முதல் ரேங்க் எடுத்தவர் விரும்பிய அணியில் சேரலாம்தானே, சார்? நம்ம கலந்தாய்வு மாதிரி?

பதில்: நேர் எதிர்! இங்கே தேர்ந்தெடுப்பது அணி, மாணவர் அல்ல. அதிலும் போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. 2019-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் 2 வெற்றி, 14 தோல்வி. அதனால் 2020 ஏப்ரலில் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் நாட்டின் ஆகக் கடைசி அணிக்குப் போனார். கோவிட் காலம் என்பதால் மேடைகூட இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே தேர்வானார்.

கடைசி அணி ஏன் கடைசியில் இருக்கிறது? பெரும்பாலும் தடுப்பு வரிசை ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பின்னால்தான் புதுப் பையனை நிறுத்துவார்கள். பரோவை முதல் பத்து ஆட்டத்தில் 32 முறை சாய்த்தார்கள். பத்தாவது ஆட்டம் வாஷிங்டனில். பந்தை வீசுகிற நேரத்தில் இரண்டு பேர் வந்து மோத, ஊன்றிய இடது முழங்கால் வளைந்துவிட்டது. தசைநார்கள் கிழிந்து அந்த சீசன் அங்கேயே முடிந்தது.

கேள்வி: அப்புறம் தடுப்பு வரிசையைச் சரிசெய்தார்களா?

பதில்: 2021-இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெனே சியூவல் என்ற அருமையான தடுப்பாளர் இருந்தார். பெங்கால்ஸ் அவரை விட்டுவிட்டு, பரோவின் பழைய கல்லூரித் தோழர் ஜமார் சேஸை எடுத்தது. நான் திட்டினேன். ஆனால் சேஸ் முதல் வருஷமே பந்தைப் பிடித்து 1,455 யார்டு எடுத்து என் வாயை அடைத்துவிட்டார்.

அரைகுறையாக அடைத்தார் என்றும் சொல்லலாம். அந்த சீசனில் பரோவை 51 முறை சாய்த்தார்கள். சீசன் முடிந்து நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் இன்னும் 19. டென்னஸியில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை விழுந்து எழுந்தும் 19-16 என்று ஜெயித்தார். கன்சாஸ் சிட்டியில் 21-3 என்று பின்தங்கியிருந்து கூடுதல் நேரத்தில் வென்றார். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஏழு சேக். 23-20 என்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் முன்னிலை, ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம், பந்து கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டியது ஒரே ஒரு யார்டு. ராம்ஸின் ஆரன் டானல்ட் தடுப்பைப் பிளந்துவந்து பரோவை இடுப்போடு பிடித்துச் சுழற்ற, விழுந்துகொண்டே வீசிய பந்து யார் கைக்கும் போகாமல் தரையில் விழுந்தது. தூரத்தில் சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால் என்று இன்றைக்கும் புலம்புகிற பெங்கால்ஸ் ரசிகர்கள் உண்டு.

கேள்வி: சம்பளம் எவ்வளவு?

பதில்: புதியவர்களுக்குப் பேரம் கிடையாது, 2011-இல் லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையாவது தேர்வோ அதற்கேற்ற தொகைதான். பரோவுக்கு நாலு வருஷத்துக்கு சுமார் 36 மில்லியன் டாலர். 2010-இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதித்தொகை மட்டுமே 50 மில்லியன்! உண்மையான காசு இரண்டாவது ஒப்பந்தத்தில்தான். 2023 செப்டம்பரில் பரோ 5 வருஷத்துக்கு 275 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.

கேள்வி: கல்லூரியில் கலக்கியவர் தொழில்முறையிலும் கலக்குவார் என்று நம்பலாமா? தம்பி ஒருவனுக்காகக் கேட்கிறேன்.

பதில்: நம்ப வேண்டாம். அதே லூசியானா ஸ்டேட்டிலிருந்து 2007-இல் ஜமார்கஸ் ரஸலும் முதலாவதாகத்தான் தேர்வானார். மூன்றே சீசனில் அணி அவரை விடுவித்தது. டாம் பிரேடி 199-ஆவது தேர்வு, ஏழு சூப்பர் பவுல் வென்றார். பிராக் பர்டி 2022-இன் கடைசித் தேர்வு, 262-ஆவது ஆள். அடுத்த வருஷமே சான் ஃபிரான்சிஸ்கோவைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அந்தத் தம்பி எப்படி வீசுகிறான் என்பதைவிட, அவனுக்கு முன்னால் நிற்கப்போகும் ஐந்து பேர் யார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: 2022-க்குப் பிறகு பரோ பெயரே காணோமே?

பதில்: ஆட்டம் போகவில்லை, உடம்புதான் படுத்துகிறது. 2023 நவம்பரில் மணிக்கட்டுத் தசைநார் கிழிந்தது. 2024-இல் திரும்பி வந்து 4,918 யார்டு, 43 டச்டவுன், இரண்டிலும் லீக்கில் முதலிடம். ஆனால் அணி 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து பிளேஆஃபுக்கே போகவில்லை. 2025 செப்டம்பரில் இரண்டாவது ஆட்டத்திலேயே இடது கால் பெருவிரலில் காயம், அறுவை சிகிச்சை. நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாளன்று வந்து பால்டிமோரை 32-14 என்று வென்றார். அந்த ஆட்டம் முடியும்போது இங்கே காக்கை கத்தி ஓய்ந்துவிட்டது.