பக்கில் விளக்கு வைத்தால் ஆள் சேருமா?

வணக்கம் சார்,

இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் விடிகாலை ஐந்தரைக்கு என்.எச்.எல். (வட அமெரிக்க லீக்) ஐஸ் ஹாக்கி பார்க்கிறேன். கூட உட்காரும் தம்பி பத்தே நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். "பக்கும் கண்ணுல படல, கோலும் விழல" என்கிறான். (பக்கு என்றால் இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருப்பது.) கோல் வலையைப் பெரிதாக்கி, ஆஃப்சைடை எடுத்துவிட்டு, பக்கில் விளக்கும் வைத்தால் புது ரசிகர்கள் வரமாட்டார்களா?

– ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

விளக்கு வைத்துப் பார்த்தாயிற்று. 1996-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி பக்குக்குள் சர்க்யூட்டும் பேட்டரியும் வைத்தது. திரையில் பக்கைச் சுற்றி நீல ஒளி தெரியும். மணிக்கு 70 மைலைத் தாண்டினால் சிவப்பு வால் நீளும். பழைய ரசிகர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. 1998-ல் நின்றுபோனது. பக்கு என்பது 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. எடை 170 கிராமுக்குள். துள்ளாமல் சறுக்குவதற்காக உறையவைத்தே களத்தில் விடுகிறார்கள். அதைக் கண்ணால் துரத்தினால் யாருக்கும் தவறும். ஆட்டக்காரரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆஃப்சைடில் கை வைக்க வேண்டாம். பக்குக்கு முன்னால் ஆள் எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பதால்தான் ஐந்து பேரும் சேர்ந்து வேகம் பிடித்து வருகிறார்கள். அதை எடுத்தால் ஒருவர் கோல் வாசலிலேயே நிற்பார், அவரைக் காக்க இன்னொருவர் நிற்பார், நடுக்களம் காலியாகும். வலையும் 6 அடிக்கு 4 அடியாகவே இருக்கட்டும். 2005-ல் கோல்கீப்பரின் கால் பேடை 12 அங்குலத்திலிருந்து 11 ஆக்கினார்கள்; சரியான வழி அதுதான்.

உண்மையான நோய் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. என்.எச்.எல்.லில் 60 நிமிடத்துக்குள் வென்றால் 2 புள்ளி, தோற்றவருக்குச் சுழியம். சமநிலையில் கூடுதல் நேரத்துக்குப் போனாலோ வென்றவருக்கு 2, தோற்றவருக்கும் 1. அதாவது சமநிலையை எட்டினாலே ஆளுக்கு ஒரு புள்ளி உறுதி. பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் எவர் துணிந்து முன்னேறுவார்? உலகச் சாம்பியன்ஷிப்பில் இருப்பதுபோல் 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி கொடுத்தால் இது பெருமளவு தீரும்.

2015-ல் வந்த மூவருக்கு மூவர் கூடுதல் நேரமும் நல்ல யோசனைதான். ஆனால் இப்போது அணிகள் பக்கைத் தங்கள் பாதிக்கே திருப்பிக் கொண்டுபோய், ஆள் மாற்றி, காத்திருக்கின்றன. கூடைப்பந்தில் உள்ளதுபோல், நடுச் சிவப்புக் கோட்டைத் தாண்டியபின் திரும்பக் கூடாது என்று விதி வைக்கலாம். புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது, புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டரே அவுட் என்ற டூ ஆர் டை ஆகிவிடும் அல்லவா, அதே நியாயம்.

கபடியில் ஆள் குறைந்த அணி ரெய்டரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிளுக்கு இணையான ஒன்றும் உண்டு. 2024-ல் தொடங்கிய பெண்களுக்கான பி.டபிள்யூ.எச்.எல். லீக்கில், பெனால்டியால் (தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை) ஓர் ஆள் குறைந்த அணி கோல் அடித்துவிட்டால், வெளியே உட்கார்ந்திருப்பவர் உடனே களம் திரும்பலாம். அதனால் ஆள் குறைந்தவர்களும் ஒதுங்கிப் பக்கை வீசித் தள்ளாமல் பாய்கிறார்கள். அந்த லீக்கில் பெனால்டி விழும்போது தம்பியைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு நிமிடம் அவன் எழுந்து போகமாட்டான்.