விரட்டப்படாத பேய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்ததால் ‘த பாபடூக்’ என்ற பேய்ப்படம் பார்த்தேன். வெகுநேரம் பேயே சரியாக வரவில்லை. பையன் கத்துகிறான், அம்மா தூக்கமில்லாமல் தவிக்கிறாள், அவ்வளவுதான். முடிவிலாவது பேயை ஒழித்தார்களா என்றால் அதுவும் இல்லை. பெற்ற தாய் மகனிடம் அப்படியெல்லாம் பேசுவாளா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகவே எடுக்கப்பட்ட படம் அது. பேசுவாள்.

பிரசவத்துக்காக, படத்தின் தாயான அமீலியாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில் அவள் கணவன் ஆஸ்கர் விபத்தில் இறந்துபோகிறான். சாமுவேல் பிறந்த நாளும் அப்பா செத்த நாளும் ஒன்றே. அதனால் அவனுக்கு உரிய நாளில் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. ஆஸ்கரின் சட்டை, கோட்டு எல்லாம் கீழறையில் பூட்டிக் கிடக்கின்றன.

தொடக்கத்தில் வரும் கட்டில் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். பயந்துபோன பையன் அம்மாவின் கழுத்தில் கையைப் போட்டு, காலையும் மேலே தூக்கிப் போட்டு, பல்லைக் கடித்தபடி தூங்குகிறான். அவள் மெல்ல அவனை விலக்கிவிட்டுக் கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்கிறாள். என்னை அதிகம் உலுக்கியது அந்த இடைவெளிதான். ‘அவருக்குப் பதில் நீ செத்திருக்கக் கூடாதா’ என்று பின்னால் அவள் வாயிலிருந்து வரும் சொல் அப்போதே அங்கே இருக்கிறது. அது வெளியே வருவதற்கு உறக்கமில்லாத அத்தனை இரவுகள் தேவைப்படுகின்றன. நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று தள்ளிய பகுதி இதைத்தான் செய்கிறது.

தாய்மையைப் பூஜையறையில் வைத்துவிட்டால், இப்படி ஒருத்தி உதவி கேட்டு வாய் திறக்க முடியாது. அமீலியா மருத்துவரிடம் கெஞ்சுவதுகூட மகனுக்குத் தூக்க மாத்திரை கேட்டுத்தான். தன் மனநிலையைச் சொல்லி அல்ல.

இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் 2005-இல் ‘மான்ஸ்டர்’ என்ற குறும்படமாக எடுத்த கருவை 2014-இல் இப்படி விரித்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் படப்பிடிப்பு நடந்தபோது சாமுவேலாக நடித்த நோவா வைஸ்மனுக்கு ஆறு வயது. அந்தக் கொடிய வசனங்களை, அமீலியாவாக நடித்த எஸ்ஸி டேவிஸ் குழந்தையின் முகத்துக்கு நேரே பேசவில்லை. அவன் இடத்தில் பெரியவர் ஒருவரை மண்டியிட வைத்து எடுத்திருக்கிறார்கள். இதை அறிந்த பிறகு கென்ட்டின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

முடிவுக்கு வருகிறேன். பேயை எரித்துச் சாம்பலாக்கியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். கணவன் செத்த துக்கம் எங்கே போகும்? தோட்டத்தில் சாமுவேல் தோண்டியெடுத்த மண்புழுக்களைப் பேய்க்கு உணவாகக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு அமீலியா கீழறைக்கு இறங்குகிறாள். அங்கே கிடக்கும் பேய் இன்னமும் அவள்மேல் பாய்கிறது. அவள் தடுமாறுகிறாள், ஆனால் ஓடவில்லை. குழந்தையைத் தேற்றுவதுபோல் அதை அமர்த்துகிறாள். தானும் அதைப் பார்க்கலாமா என்று மகன் கேட்டால், பெரியவனானதும் பார்க்கலாம் என்கிறாள். அவனிடமிருந்து இனி எதையும் மறைக்கவில்லை. அன்று அவனுடைய ஏழாவது பிறந்தநாளை, அவன் பிறந்த அதே தேதியில், இருவரும் கொண்டாடுகிறார்கள்.